ஒரு சம்ப்புக்கு ஏழு லாரி

ஒரு சின்ன விஷயத்தை எனக்குப் புரியவைக்க ஏழு தண்ணீர் லாரிகள் தேவைப்பட்டன. கூட இருந்தவர்களுக்கு அது அரை மணி நேர வகுப்பிலேயே புரிந்துவிட்டது. அந்த வகுப்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். (தூங்கலைங்க. கண்ணு திறந்துதான் இருந்துச்சு.)

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். இன்ஷூரன்ஸ் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் மென்பொருளை எங்கள் குழு கவனித்துக்கொண்டது. அதற்குள் ‘ரூல் எஞ்சின்’ என்று ஒன்று உண்டு. “இப்படி இருந்தால் இதைச் செய்” என்று ரூல்களை எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். வருகிற தகவலைப் பார்த்து, எந்த ரூலை எப்போது ஓட்டுவது என்று எஞ்சினே முடிவு செய்துகொள்ளும். எங்கள் டீம் லீட் வசந்தி மேடம் முதல் நாளே எச்சரித்தார்: “ரூல் எழுதறது ரொம்ப ஈஸி. அது எப்ப ஓடும்னு தெரிஞ்சுக்கறதுதான் வேலையே.” நான் முதல் வாக்கியத்தை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

எழுதிக்கொண்டதோடு நிறுத்தியிருந்தால் ஊருக்கு நல்லது. அரைகுறையாகக் கற்ற வித்தையை வீட்டிலும் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அஸ்தினாபுரத்தில் ஒரு முட்டுச்சந்தின் கடைசியில், எட்டு வீடுகள் கொண்ட அடுக்ககம் எங்களுடையது. வெயில் காலம் வந்தால் லாரித் தண்ணீர்தான். தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டியின் மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்து லாரிக்குப் போன் போடும் பொறுப்பு என் அம்மாவுடையது. அம்மா ஒருநாள் மறந்தால், யாராவது ஒருவர் தலையில் ஷாம்பு நுரையோடு பால்கனியில் நின்று கத்துவார். இந்த அவலத்துக்கு முடிவு கட்ட, சம்ப்பில் மட்டம் பார்க்கும் கருவி ஒன்றை மாட்டினேன். அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என் கணினிக்குத் தகவல் அனுப்பும். ரூல் எஞ்சினில் ஒரே ஒரு ரூல்: தண்ணீர் கால் பங்குக்குக் கீழே போனால், லாரிக்காரருக்கு ‘ஒரு லோடு அவசரம்’ என்று என் பெயரில் மெசேஜ் அனுப்பு.

“மூடியத் தூக்கிப் பாத்தா தெரிஞ்சுடப் போகுது. அதுக்கு எதுக்குடா இத்தனை ஒயரு?” என்றாள் அம்மா.

“அம்மா, இதுக்குப் பேரு ஆட்டோமேஷன்.”

பரிசோதனை செய்யாமல் இல்லை. கருவியை வாளித் தண்ணீரில் வைத்து, வாளியைக் கவிழ்த்தேன். ஒரு மெசேஜ் போனது. பெருமை தாங்காமல் உடனே ஒயரைப் பிடுங்கிவிட்டு, அம்மாவிடம் காட்ட ஓடினேன். பத்து நிமிடம் பொறுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

கீழ்வீட்டில் மெஹர் அக்கா இருந்தார். சின்னச் சின்ன விசேஷங்களுக்கு பிரியாணி செய்து கொடுப்பவர். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய முதல் பெரிய ஆர்டர், குரோம்பேட்டை மண்டபம் ஒன்றில் முந்நூறு பேருக்கு நிக்காஹ் விருந்து. “இது மட்டும் நல்லபடியா முடிஞ்சா, அந்த மண்டபத்துல யார் கேட்டாலும் என் பேரைச் சொல்றேன்னு மேனேஜர் சொல்லிக்கீறாரு தம்பி. துஆ செய்ங்க” என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். விடியற்காலையிலேயே கார் நிறுத்தும் இடத்தில் அடுப்பு மூட்டியாகிவிட்டது. அரிசி களைந்தே சம்ப் இறங்கிவிட்டது.

எட்டு மணிக்கு என் ரூல் ஓடியது. எனக்குத் தெரியாது. போன் உள்ளறையில் சார்ஜில் இருந்தது.

ஒன்பது மணிக்கு லாரி வந்து குழாயை இறக்கியபோது அம்மாவுக்கே ஆச்சரியம். “யாருமே போன் பண்ணலியே!” அடுக்ககமே பால்கனிக்கு வந்துவிட்டது. மெஹர் அக்கா கரண்டியும் கையுமாக, “மாஷா அல்லாஹ், தண்ணி தானா வருது!” என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு, பெண்ணைப் பெற்ற தகப்பன் மாதிரி அடக்கமாக நின்றேன்.

அந்தப் பெருமைக்கு ஆயுள் பத்து நிமிடம். சந்து முனையில் இன்னொரு ஹாரன். இரண்டாவது லாரி. வழி தவறி வந்திருக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது வந்தபோது கட்டியிருந்த கையை இறக்கினேன். நான்காவது வந்ததும் உள்ளே ஓடிப் போனைப் பார்த்தேன். எட்டு மணி, எட்டு பத்து, எட்டு இருபது என்று ஒன்பது மணிவரை வரிசையாக ஏழு மெசேஜ். ஏழிலும் ‘ஒரு லோடு அவசரம்’. ஒவ்வொன்றுக்கும் லாரிக்காரர் கட்டைவிரல் உயர்த்திப் பதில் போட்டிருந்தார்.

உடனே அவருக்குப் போன் போட்டேன்.

“ஏழு லாரி எதுக்கு சார் அனுப்புனீங்க?”

“நீங்கதானே சார் ஏழு வாட்டி கேட்டீங்க? கீழ பிரியாணி வேகுதுன்னு டிரைவர் சொன்னான். சரி, பெரிய விசேஷம்னு நினைச்சேன். நம்மகிட்ட நாலு வண்டிதான் கீது. மீதி மூணு வெளிய சொல்லி எடுத்தேன். உங்களுக்காக!”

அந்த மனிதரைத் திட்ட எனக்கு நாக்கு வரவில்லை. கேட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு லாரி அனுப்பினார், அவ்வளவுதான். எஞ்சின் செய்ததும் அதேதான். நானோ, ஒருதடவை லாரிக்குச் சொன்ன ரூல் கடமை முடிந்தது என்று போய்ப் படுத்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன். ஒவ்வொரு புதுத் தகவல் வரும்போதும் அது மறுபடி எழுந்து பார்க்கும். தண்ணீர் குறைவா? குறைவு. அனுப்பு மெசேஜ். லாரிக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது என்ற தகவலை நான் அதற்குக் கொடுக்கவே இல்லை.

பத்தரை மணிக்கு ஏழு லாரிகளும் சந்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. சம்ப் நிரம்பி வழிந்தது. காலியான முதல் லாரி வெளியேற வேண்டுமானால் பின்னால் நிற்கும் ஆறும் நகர வேண்டும். அவற்றுக்குப் பின்னால் ஆட்டோக்களும் பைக்குகளும் அடைத்துவிட்டன. மெஹர் அக்காவின் வேன் எல்லாவற்றுக்கும் உள்ளே, எங்கள் கேட்டுக்குள் சிறைப்பட்டிருந்தது. பன்னிரண்டரைக்குப் பந்தி.

அக்கா என்னைத் திட்டவில்லை. தம் போட்ட நான்கு அண்டாக்களையும், லாரி வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தபோது சம்ப்புக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொள்ளலாம் போலிருந்தது. “அக்கா, என் தப்புதான்” என்றேன்.

முதல் லாரியின் டிரைவர் முனுசாமி அண்ணன் பீடியை அணைத்துவிட்டு வந்தார்.

“இன்னா சார், கம்ப்யூட்டரு இன்னா சொல்லுது?”

“ஒண்ணும் சொல்லலைண்ணா.”

“அப்ப நான் சொல்றேன். லாரி நவுராது. சோறு நவுரும். டேய், எல்லாரும் வாங்கடா! ரெண்டு பைப்பு எடுத்தா!”

அண்டாவின் காதுகளில் இரும்புக் குழாய்களைச் செருகி, பக்கத்துக்கு இரண்டு பேர். லாரிகளுக்கும் மதில் சுவருக்கும் நடுவே கால்வாய்மேல் போட்ட சிலாப்தான் பாதை. ஏழு டிரைவர்களும் அடுக்கக ஆண்களும் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள். நானும் ஒரு முனையைத் தூக்கினேன். பத்தடியில் தோள் கழன்றது. “கீழ வெச்சீன்னா தம்மு உடைஞ்சுடும், நட சார்!” என்று பின்னாலிருந்து முனுசாமி அண்ணன் அதட்டினார். அம்மா முன்னால் நடந்து, எதிரே வந்த பைக்குகளை எல்லாம் விரட்டினாள். அவள் கையில் ஏனோ சம்ப் மூடியைத் தூக்கும் கொக்கி இருந்தது.

மெயின் ரோட்டில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டிகள் இரண்டை மடக்கி, அண்டாக்களை ஏற்றினோம். பன்னிரண்டு இருபதுக்கு மண்டபம். அங்கே இன்னும் மாப்பிள்ளையே வந்து சேரவில்லை! பந்தி முடிந்ததும் மேனேஜர் அக்காவின் நம்பரை எழுதிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மீதித் தண்ணீரை எங்கள் சந்தின் மற்ற வீடுகளும் அடுத்த தெருவும் இறக்கிக்கொண்டன. அன்று அங்கே குளிக்காதவர் யாருமில்லை.

திங்கட்கிழமை வசந்தி மேடத்திடம் பயந்துகொண்டே சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தவர், சட்டென்று நிறுத்திவிட்டுக் கேட்டார்: “ஆபீஸ் ரூலையும் இப்படித்தான் எழுதியிருக்கியா?”

அப்படித்தான் எழுதியிருந்தேன். நிராகரித்த விண்ணப்பத்தில் எந்தத் தகவல் மாறினாலும் ‘உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது’ என்ற கடிதம் மறுபடி மறுபடி போகும்படி. வியாழக்கிழமை அது மக்களுக்குப் போக இருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து, ‘கடிதம் ஏற்கெனவே போகவில்லை என்றால்’ என்ற நிபந்தனையைச் சேர்த்தோம். அந்த ஏழு லாரிகள் மட்டும் வராமல் இருந்திருந்தால் எத்தனை பேர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருப்பேனோ! என் வேலையைக் காப்பாற்றியவர் முனுசாமி அண்ணன்தான் என்று இன்றும் மனதார நம்புகிறேன். லாரி எதிரே வந்தால் வண்டியை ஓரம் கட்டி வழிவிடுகிறேன்.

மெஹர் அக்காவுக்கு இப்போது இரண்டு வேன், எட்டு ஆட்கள். என் கல்யாணத்துக்கும் அவர் பிரியாணிதான். அன்று ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன். அவர் சொல்லவில்லை. அந்த நன்றியை எப்படித் திருப்பிச் சொல்வது என்று தெரியாமல், ஒவ்வொரு பெருநாளுக்கும் தவறாமல் வாழ்த்து மட்டும் அனுப்புகிறேன். போன முறையும் அனுப்பினேன். அரை நிமிடத்தில் அக்கா போன் செய்தார்.

“ஒண்ணு வந்துடுச்சு தம்பி. சந்தைக் காலி பண்ணி வைக்கவா, பின்னாடி ஆறு வருதா?”