பெட்டிக்கு ஒரு கட்டி பெருங்காயம்

ஐரோப்பாவில் சண்டை மூண்டுவிட்டது என்ற செய்தி பஸ் ஏறி இலங்கை மலைநாட்டுப் பொகவந்தலாவைக்கு வந்து சேர்ந்த அன்றே, தோட்டத்துத் தேயிலை ஆலையை நடத்தும் டீமேக்கர் பொன்னையா ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டார். உலகமே பட்டினி கிடந்தாலும் தாம் கிடப்பதில்லை.

"ரங்கூன் கப்பல் நின்னா அரிசி நின்னுச்சு," என்றார் மனைவியிடம். "அப்புறம் சனங்க கடைக்கு ஓடும். முட்டும், மோதும். அறிவுள்ளவன் அதுக்கு முந்தியே, பதறாம, நிதானமா வாங்கி வெச்சுக்கணும்."

"எவ்வளவுங்க?" என்றாள் பரிமளம்.

"நிதானமா அஞ்சு மூட்டை."

வீட்டில் இருந்ததோ இரண்டு பேர்.

அவர் நிதானமாகத்தான் வாங்கினார். திங்கட்கிழமை மீராசாஹிப் கடையில் ஒரு மூட்டை. செவ்வாய்க்கிழமை ஒன்று. இப்படியே நாளுக்கு ஒன்றாக, வெள்ளிக்கிழமை ஐந்தாவது மூட்டை மாட்டுவண்டியில் ஏறுவதைக் கடைவீதியே நின்று பார்த்தது. துரையோடு இங்கிலீஷில் பேசுகிற டீமேக்கர் ஐயா தினம் ஒரு மூட்டை வாங்குகிறார் என்றால் அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது! சனிக்கிழமை காலையில் மீராசாஹிப் கடையின் கதவுப் பலகை இரண்டாக உடைந்தது. மத்தியானத்துக்குள் கடையில் தராசு மட்டும் மிஞ்சியது.

"பாத்தியா? சொன்னது சொன்னபடி நடந்துச்சு," என்றார் பொன்னையா. "காட்டுமிராண்டிக் கூட்டம். ஒரு நிதானம் வேண்டாம்?"

"ஆமாங்க. நீங்க போய்க் காட்டலைன்னா அவங்களுக்கு யாரு சொல்லியிருப்பா?"

அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

தேயிலை அக்கம்பக்கத்து வாடையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பதால், வெங்காயம் தின்றவனைத் தேயிலை ஸ்டோரின் பெட்டி கட்டுகிற அறைக்குள் அவர் விடமாட்டார். வாசலிலேயே நிறுத்தி மோந்து பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த மூக்குக்குத் தோட்டமே பயந்தது. அப்பேர்ப்பட்டவர், ஈயத்தாள் ஒட்டிய எட்டுத் தேயிலைப் பெட்டிகளில் அரிசியைக் கொட்டினார். வண்டு வராமலிருக்கத் தாமே கண்டுபிடித்த உபாயமாகப் பெட்டிக்கு ஒரு கட்டி பெருங்காயம் போட்டு மூடினார். பெட்டிகள் பின்னறைக்குப் போயின. கதவுக்குக் கைப்பிடி அளவு பூட்டு. சாவி அவர் அரைஞாணில்.

"இனிமே இந்தக் கதவைத் திறக்கவே கூடாது. மலைப்பனி புகுந்தா அரிசி பூத்துடும்."

"அப்ப எப்பங்க திறக்கிறது?"

"ஆபத்து வந்தா."

"ஆபத்துன்னா?"

"எல்லார் வீட்டுலயும் அரிசி தீர்ந்து போறது."

"அப்ப நாம மட்டும் சாப்பிடுறதா?"

"பின்ன எதுக்குடி வாங்கினது?"

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் தன்னிடம் இருக்கிறது என்ற நினைப்பு மனிதனைத் தூங்கவிடுவதில்லை. மூன்றாம் நாள் அவருக்கு இன்னொரு யோசனை பிறந்தது.

"பரிமளம், இன்னியிலேர்ந்து நீ அக்கம்பக்கத்துல போய் அரிசி கேக்கணும்."

"வீடு நிறைய வெச்சுக்கிட்டா?"

"மெதுவாப் பேசு! இருக்குன்னு தெரிஞ்சா நாளைக்கு நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க. அஞ்சு மூட்டையும் மழையில நனைஞ்சு புளிச்சுப் போச்சுன்னு சொல்லு. ஒருநாள் பக்கத்துக் கிளாக்கர் வீடு, ஒருநாள் கூலிக்காரங்க லயம். முகத்தை வாட்டமா வெச்சுக்க."

"எங்கப்பா வீட்டுல எனக்குப் பிச்சை கேக்கச் சொல்லிக் குடுக்கலைங்களே."

"பிச்சையா? நடிப்புடி, நடிப்பு!"

பரிமளம் முந்தானையை இழுத்துச் செருகினாள். "நடிக்கணும், அவ்வளவுதானே? சரிங்க."

அன்று முதல் அவர் வேலை முடிந்து வரும்போதெல்லாம் அளக்கிற கொத்து நிறைய அரிசி அடுப்படியில் இருந்தது. பொன்னையா ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோவார்.

"இது யார் வீட்டு அரிசி?"

"கிளாக்கர் வீடுங்க."

"பெருங்காய வாடை! கிளாக்கர் கணேசமூர்த்திக்குப் பேனா பிடிக்கத் தெரியும். பொண்டாட்டிக்கு அரிசி வைக்கத் தெரியல. மடச்சி."

மறுநாள், "இது?"

"லயத்துலங்க. காளியாயி குடுத்தா."

"இதுலயும் பெருங்காயம்! இந்தத் தோட்டத்துல ஒருத்தருக்காவது அரிசி வைக்கத் தெரியுதா?"

மூக்கு எப்போதும் வெளியே பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது. தம் வீட்டுப் பக்கம் திரும்ப அதற்குத் தோன்றவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல், கிளாக்கர் மனைவி சண்முகவடிவை வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்தே கூப்பிட்டார்.

"இந்தாம்மா, பெருங்காயத்தையும் அரிசியையும் ஒண்ணா வைக்காதே. அது தெரியாதா உனக்கு?"

அவள் திகைத்து நின்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். வெட்கப்பட்டுவிட்டாள், பாவம், என்று நினைத்துக்கொண்டார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பின்னறைப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். பூட்டு மலை போல நின்றது. வேறென்ன வேண்டும்?

மூன்றாவது வாரம், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமை. லயத்து ஆட்கள் முப்பது நாற்பது பேர் வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் காளியாயி. கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் செவ்வந்தி மாலையும்.

"தோட்டத்து அரிசி லாரி மூணு வாரமா வரலீங்கய்யா. கடையிலயும் இல்ல. புள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்தினது நீங்கதான். இப்படி வரும்னு தெரிஞ்சு, எங்களுக்காகவே முன்கூட்டி வாங்கி வெச்சீங்களாமே? அம்மா சொன்னாங்க. கடைசிப் பெட்டியும் நேத்தோட தீந்துச்சாம். நாளைக்கு லாரி வந்துரும்னு மலையில வேலை பாக்க வர்ற கண்டாக்கு ஐயா சொல்லிட்டாரு."

மாலை கழுத்தில் விழுந்தது. பொன்னையா மாலையோடு பின்னறைக்கு ஓடினார். பூட்டை இழுத்தார். அசையவில்லை. சாவியைப் போட்டுத் திறந்து கதவை இழுத்தார். பூட்டிருந்த பக்கம் அப்படியே நிற்க, கீல் இருந்த பக்கம் பிடி விட்டுக் கதவு முழுசாக அவர் மேல் சாய்ந்தது. கதவைத் தாங்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். எட்டுப் பெட்டி. எட்டுக் கட்டி பெருங்காயம்.

"பூட்டு பூட்டினபடியே இருந்துச்சே!"

"பூட்டை நான் தொடவே இல்லைங்க," என்றாள் பின்னால் வந்த பரிமளம். "கீலைத்தான் கழட்டினேன். உங்க திருப்புளியாலதான்."

"உன்னை நான் அரிசி கேக்கத்தானேடி அனுப்பினேன்?"

"போனேனே. முத நாளே கிளாக்கர் வீட்டுல கேட்டேன். சண்முகவடிவு பானையைக் கவுத்துக் காட்டினா. லயத்துக்குப் போனேன், அங்கயும் பானை கவுந்துதான் இருந்துச்சு. கடையில இருந்ததுல பாதி நம்ம வீட்டுலல்ல இருந்துச்சு, மிச்சத்தைக் கடைவீதிக்காரங்க அள்ளிட்டாங்க. எல்லார் வீட்டுலயும் தீர்ந்தா அதுதான் ஆபத்துன்னு நீங்கதானே சொன்னீங்க. ஆபத்து வந்துடுச்சு. திறந்தேன்."

"அப்ப நான் மூணு வாரமாத் தின்னது?"

"நடிப்புங்க."

வாசலில் "ஐயா நல்லா இருக்கணும்!" என்ற சத்தம். பொன்னையா வாசலுக்குத் திரும்பினார். நல்ல மனிதராவதற்கு அவர் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பதுதான். ஐந்து மூட்டை போனதைவிட அதுதான் அதிகமாக வலித்தது. வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் கும்பிடு போட்டு அனுப்பிவைத்தார்.

திரும்பி வந்து மெதுவாகக் கேட்டார். "அப்ப இன்னிக்குச் சோறு?"

பரிமளம் கொத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"கிளாக்கர் வீட்டுல கொஞ்சம் இருக்கும். முகத்தை வாட்டமா வெச்சுக்கங்க."

அதற்கு அவர் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. கழுத்து மாலையைக் கழற்றக்கூட மறந்து வேலியைச் சுற்றிப் போய்க் கிளாக்கர் வீட்டு வாசலில் நின்றார். சண்முகவடிவு கொத்தை வாங்கிக்கொண்டாள். உள்ளே போய்க் கொத்து நிறைய அரிசி கொண்டுவந்து கொடுத்தாள்.

"பெருங்காய வாடை அடிக்கும், கோவிச்சுக்காதீங்கய்யா," என்றாள். "உங்க வீட்டு அரிசிதான்."