ராகலை பஸ் நிலையத்தில் நடந்த பிரவுசர் போர்

சிலர் கட்சிக்காகச் சண்டை போடுவார்கள். சிலர் கிரிக்கெட் அணிக்காக. நான் ஒரு பிரவுசருக்காகச் சண்டை போட்டவன். அதைத் தயாரித்தவர்களுக்கு நான் இருப்பதே தெரியாது. இருந்தும் அவர்களுடைய மானம் என் கையில் இருப்பதாக நான்கு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு இலங்கை மலையகத்தில், ராகலை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கொமினிகேஷன் கடை இருந்தது. போட்டோ கொப்பி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம். வீதிக்கு அந்தப் பக்கம் அதே மூன்றையும் செய்யும் இன்னொரு கடை. அது மோகனுடையது. மோகன் என் அத்தை மகன், எனக்கு மச்சான். இரண்டு கடைக்கும் ஒரே மாதிரிக் கதவு, ஒரே மாதிரிப் பிளாஸ்டிக் கதிரை, ஒரே மாதிரி மழை ஒழுக்கு. வித்தியாசம் பிரவுசரில்தான். என்னுடையதன் சின்னம் நீலம், அவனுடையது சிவப்பு. (பெயர்களைச் சொல்லவில்லை. இரண்டு கம்பனிகளும் இதில் குற்றமற்றவை.)

ஒரு மாதம் நீலத்தில் புதிதாக ஒரு வசதி வரும். நான் வீதியைத் தாண்டிப் போய் மோகனிடம் காட்டிவிட்டு வருவேன். அடுத்த மாதம் அதே வசதி, கொஞ்சம் பெரிய பொத்தானோடு, சிவப்பில் வரும். அவன் வந்து காட்டுவான். கம்பனிக்காரர்கள்கூட இவ்வளவு வேகமாக ஒருவரையொருவர் கவனித்திருக்க மாட்டார்கள்.

பிரவுசர் தராததை எக்ஸ்டென்ஷன் தரும். விளங்காதவர்களுக்கு இப்படிச் சொல்வேன்: தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், தோட்டக் கம்பனி கொடுத்தது ஒரு அறை. அதற்கு முன்னால் தகரம் இழுத்து நாமே சமைக்க ஒரு குசினி போட்டுக்கொள்கிறோம் அல்லவா, அதுதான் எக்ஸ்டென்ஷன். குசினிக்குப் பக்கத்தில் குளிக்கும் இடம், அதற்குப் பக்கத்தில் கோழிக்கூடு என்று இழுத்துக்கொண்டே போனால் கடைசியில் வாசல் எங்கே என்று தேட வேண்டிவரும். என் பிரவுசர் அந்த நிலைக்கு வந்திருந்தது. இருபத்தாறு எக்ஸ்டென்ஷன். மேலே இரண்டு பட்டை, பக்கத்தில் ஒரு பலகை, கீழே வானிலை ஓடும் ஒரு கோடு. எல்லாம் போக, பார்க்க வேண்டிய பக்கம் நான்கு விரல் அகலத்துக்குத் தெரியும்.

"மழ வருதான்னு கம்ப்யூட்டர்ல பாக்குறியா மச்சான்?" என்றான் மோகன் ஒருநாள். "தலைய வெளிய நீட்டு, தெரியும்."

"ஒன்னோட செவப்புல அது இல்லன்னு பொறாம ஒனக்கு."

அந்த வருடம் சிவப்பில் மொழிபெயர்ப்பு வசதி வந்தது. சிங்களப் படிவம் ஒரே தட்டில் தமிழாக நின்றது. தமிழ் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் ஆட்கள் அதைப் பார்க்கவே அவன் கடைக்குப் போனார்கள். என் கடையில் போட்டோ கொப்பி மெஷின் மட்டும் என்னோடு இருந்தது.

பதிலடியாக நான் இருபத்தேழாவதை இறக்கினேன். படிவத்தைத் தானாக நிரப்பும் எக்ஸ்டென்ஷன். விலாசத்தை ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும், எந்தப் படிவத்திலும் அதுவே எழுதிக்கொள்ளும். எங்கள் தோட்டத்து ஆட்களுக்கென்றே செய்ததுபோல இருந்தது. ஏனென்றால் எங்கள் பிரிவில் எல்லாருக்கும் ஒரே விலாசம். கதவு இலக்கம் கிடையாது, வீதிப் பெயர் கிடையாது. பிரிவின் பெயர், தோட்டத்தின் பெயர், ராகலை. கடிதம் தோட்டத்து ஒபீஸுக்கு வரும், அங்கிருந்து யார் கண்ணில் படுகிறதோ அவர் வழியாக உரியவருக்குப் போய்ச் சேரும்.

அந்த நேரம் நுவரெலியாவில் ஒரு தாதியர் பயிற்சி நிலையம் விண்ணப்பம் கோரியது. எங்கள் பிரிவிலிருந்து பதினான்கு பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஒன்றாக வந்து இறங்கினார்கள். ஏழு பேர் என் பக்கம், ஏழு பேர் மோகன் பக்கம் போயிருந்தால் நியாயம். நான் வீதியின் நடுவில் நின்று, பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு முன்னால் பதினான்கையும் அனுப்பிக் காட்டுகிறேன் என்று எல்லாரையும் என் கடைக்குள் கூட்டிக்கொண்டு வந்தேன். மோகன் தன் கதவில் சாய்ந்தபடி கையில் போனை எடுத்து நேரம் பார்க்கத் தொடங்கினான்.

முதலில் உட்கார்ந்தவள் கலைச்செல்வி. எங்கள் லயத்திலேயே நான்கு அறை தள்ளி இருப்பவள். அப்பா இல்லை. அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. சித்தப்பா வீட்டில் வளர்கிறாள். உயர்தரப் பரீட்சை எழுதி இரண்டு வருடமாகிறது.

"அண்ணே, இது மட்டும் போயிட்டாப் போதும்," என்றாள். "இந்த தடவ கெடைக்காட்டி பொங்கல் முடிஞ்சதும் கொழும்புல கார்மன்ட்ஸ் வேலைக்குத்தான். சித்தப்பா பேக்கே வாங்கி வெச்சிட்டாரு."

"போகும்மா. நீ உக்காரு."

பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், பெறுபேறு எல்லாவற்றையும் நானே தட்டினேன். இரண்டாவது பக்கம் வந்ததும் ஒரு பொத்தானை அழுத்தினேன். விலாசம் மின்னல் மாதிரி வந்து விழுந்தது. பெண்கள் "ஆ" என்றார்கள். அந்த "ஆ"வுக்காகத்தான் மனிதன் கடை நடத்துகிறான். விலாசத்துக்குக் கீழே என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவும் இல்லை. (நான்கு விரல் அகலம் என்று முன்பே சொன்னேன்.) அடுத்து, அடுத்து, அனுப்பு.

பதினோரு மணி ஐம்பதுக்குப் பதினான்காவதும் போனது. வெளியே வந்து மோகனைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். அவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனான். என் வாழ்நாளில் நான் பெற்ற ஒரே ராணுவ வெற்றி அது. இரண்டு வாரம் நீடித்தது.

மூன்றாவது வாரம் ஒரு அம்மையார் போன் எடுத்தார். பயிற்சி நிலையத்தின் அனுமதிப் பிரிவு அதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமான குரல்.

"தம்பி, உம்மட அம்மான்ர பேர் சரஸ்வதியோ?"

"ஆமாங்க."

"அவவுக்கு எத்தினை பிள்ளையள்?"

"ரெண்டு பேருங்க. நானும் அக்காவும்."

"அப்ப என்ர மேசையில கிடக்கிற பதினாலு பேரும் ஆர்?"

எனக்கு விளங்கவில்லை. அவர் விளங்கவைத்தார். பதினான்கு விண்ணப்பத்திலும் ஒரே தாய், ஒரே போன் நம்பர், ஒரே மின்னஞ்சல், ஒரே விலாசம். "வயசைப் பார்த்தன். ஒருத்திக்கும் மற்றவளுக்கும் இடையில மூண்டு மாசம். இந்த மனுசி மூண்டு மாசத்துக்கு ஒருக்கா பிள்ளை பெத்திருக்கிறா. ஆரோ ஒரு ஆள் பதினாலு கள்ளப் பேரிலை போட்டிருக்கெண்டு எல்லாத்தையும் ஒதுக்கி வைச்சாச்சு. மின்னஞ்சல் ரெண்டு தரம் அனுப்பினம், பதில் இல்லை."

நடந்தது இதுதான். அந்த ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால் எக்ஸ்டென்ஷன் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு ஒரு புதிய வசதியைச் சேர்த்திருந்தது. நான் தட்டுவதைக் கவனித்துத் தானாகக் கற்றுக்கொள்ளும் வசதி. அந்த இரண்டு நாளில் நான் தட்டிய ஒரே படிவம் என்னுடைய பாஸ்போர்ட் விண்ணப்பம். நல்ல மாணவன்போல என் தாய், என் போன், என் மின்னஞ்சல் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு, பதினான்கு பரீட்சையிலும் அதையே எழுதிவிட்டது. வந்த மின்னஞ்சல்களை இன்னொரு எக்ஸ்டென்ஷன் எனக்குத் தொந்தரவு வேண்டாமென்று "பிறகு பார்க்க" என்ற பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தது.

அதிகாரி ஒரே ஒரு வழி சொன்னார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் பதினான்கு பேரும் நேரில் வர வேண்டும், பிறப்புச் சான்றிதழோடு. கூடவே பெற்றவரோ பாதுகாவலரோ வந்து கையெழுத்துப் போட வேண்டும். வராதவருடைய விண்ணப்பம் போனதுதான்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்போதுதான் கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"பதினாலா?" என்றார்.

"ஆமா."

"எல்லாம் பொம்பளப் புள்ளைங்களா?"

"ஆமாம்மா."

"ஒன்னப் பெத்ததுக்கு அது தேவல," என்று சொல்லிவிட்டு அடுத்த காலைக் கழுவினார்.

அன்று மாலை லயம் லயமாக ஏறி இறங்கினேன். பதின்மூன்று தாய்மாரிடம் பதின்மூன்று முறை ஏச்சு வாங்கினேன். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தயாரிக்கப்பட்டது, எதிலும் கொப்பி இல்லை. கலைச்செல்வி ஏசவில்லை. "அம்மாவ எங்கண்ணே கூட்டிட்டு வர்றது?" என்று மட்டும் கேட்டாள். சித்தப்பாவிடம் நான் போனேன். அவர் வேலைக்குப் போக வேண்டும் என்றார். அறை மூலையில் அந்தப் பேக் இருந்தது, விலைச்சீட்டுக்கூடக் கழற்றாமல்.

மோகனுக்குச் செய்தி போய்விட்டது. அவன் கிண்டலடிக்க வீதியைத் தாண்டிக்கூட வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் லயத்துக்குக் கீழே ஒரு பழைய பஸ்ஸோடு நின்றான், யாரிடமோ கேட்டு வாங்கி வந்திருந்தான். எல்லாரும் ஏறி உட்கார்ந்து, வளைவில் திரும்பும்போதுதான் வாயைத் திறந்தான்.

"மச்சான், எங்க செவப்புல இந்த வசதி இன்னும் வரல."

பஸ் முழுவதும் சிரித்தது. ஏசியவர்களும் சிரித்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே மரக்கறித் தோட்டங்களை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டு வந்தேன்.

நிலையத்தின் முற்றத்தில் இறங்கியதும் தாய்மார் யாரும் சொல்லாமலே ஒரு வரிசையாக நின்றார்கள். தினமும் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட நின்று பழகியவர்கள். மகள்கள் அவரவர் தாய்க்கு முன்னால். அதிகாரி வெளியே வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரலால் எண்ணினார். பதினான்கு உண்மையான பெண்கள்.

என் அம்மா அல்லாத பதின்மூன்று தாய்மாரை அவர் அரை மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டார். ஆனால் விலாசத்தில் வந்து நின்றுவிட்டார்.

"இதையாவது மாத்துங்கோ. பதினாலு குடும்பம் ஒரே விலாசத்தில இருக்கேலாது."

"அது மட்டுந்தாங்க உண்ம," என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை. ஒவ்வொரு தாயாகக் கேட்டார். எல்லாரும் அதையே சொன்னார்கள். பேனாவை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் எங்கள் விலாசத்தையே பார்த்தார். பிறகு, தெரிவுக் கடிதங்களைத் தபாலில் போடாமல் கையில் கொடுக்கச் சொல்வதாகச் சொன்னார்.

கடைசியாகக் கலைச்செல்வி.

"அம்மா வரேல்லையோ பிள்ளை?"

"குவைத்ல இருக்காங்க மேடம்."

"வேற ஆரும்?"

"சித்தப்பா வேலைக்குப் போயிட்டாரு மேடம்," என்றாள். அதிகாரி அவளுடைய தாளை எடுத்துத் தனியாக வைத்தார். அந்தச் சின்னச் சத்தம் எனக்குக் கேட்டது. இருபத்தேழு எக்ஸ்டென்ஷனில் ஒன்றுகூட அப்போது உதவிக்கு வரவில்லை.

வரிசையின் கடைசியில், சும்மா துணைக்கு வந்து நின்ற என் அம்மா முன்னால் வந்தார்.

"நா இருக்கேங்க. அதுல ஏற்கனவே எம் பேருதான எழுதியிருக்கு."

"அது பிழையா எழுதினது அம்மா."

"பிழையா எழுதுனதுதாங்க. நா இப்ப வந்துட்டேன்ல, சரின்னு போட்டுக்கங்க."

அதிகாரி "தாய்" என்ற சொல்லை மட்டும் ஒரு கோடு போட்டு வெட்டினார். பக்கத்தில் "பாதுகாவலர்" என்று எழுதினார். சரஸ்வதி என்ற பெயரைத் தொடவில்லை. அம்மா பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, மோகனுடைய சிவப்புப் பிரவுசரும் என்னுடைய நீலப் பிரவுசரும் சேர்ந்தாலும் வராத நிதானத்தில் கையெழுத்துப் போட்டார்.

பதினான்கு பேரில் பதினொரு பேருக்கு அந்த வருடமே இடம் கிடைத்தது, கலைச்செல்வி உட்பட. மற்ற மூன்று பேர் அடுத்த வருடம் போட்டார்கள். (மோகன் கடையில்.) நான் எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பக்கம் முழுதாகத் தெரிந்தபோது அது இவ்வளவு பெரிதா என்று இருந்தது. பிறகு ஒரு பத்திரிகையில் பிழை பார்க்கும் வேலை கிடைத்தது. யாரும் வாசிக்காத அடிப்பகுதியை முதலில் வாசிக்கும் பழக்கம் எனக்கு அங்கே பெயர் வாங்கிக் கொடுத்தது. அதை எங்கே கற்றேன் என்று அங்கே யாருக்கும் சொல்லவில்லை.

கலைச்செல்வி சான்றிதழ் வாங்கிய நாளில் பாதுகாவலர் கதிரையில் அம்மா உட்கார்ந்திருந்தார். குவைத்திலிருந்து அவளைப் பெற்ற தாய் போன் திரையில் அழுதுகொண்டிருக்க, அம்மா அந்தப் போனை மேடை தெரியும்படி உயர்த்திப் பிடித்திருந்தார். கை வலித்திருக்கும், இறக்கவில்லை. இப்போது கலைச்செல்வி கண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். லீவுக்கு வந்தால் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள்.

புதிதாக யாராவது வீட்டுக்கு வந்து, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுவிட்டால் போதும். நான் மெதுவாக எழுந்து வெளியே போகப் பார்ப்பேன். அம்மா என்னை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வார்:

"நா பெத்தது ரெண்டு. இவனோட கம்ப்யூட்டரு பெத்தது பதினாலு. அதுல பதிமூணப் பெத்தவங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஒன்ன நாங்களே வெச்சிக்கிட்டோம்."