வாளிக்குச் செருப்பு இல்லை

அந்நிய மண்புழுக்கள் காட்டுக்குள் நுழைவதை அறவே ஒழிக்கும் உயரிய நோக்கில், காட்டு வாசலில் ஒரு பிரஷ்ஷும் ஒரு காவலரும் நியமிக்கப்பட்டிருந்தனர்.

நாங்கள் அங்கே போன அன்று எங்கள் கையில் ஒரு வாளி இருந்தது. காரணம் சித்தி. காய்கறித் தோலைத் தின்று உரமாக்கும் புழுப்பெட்டி அவருடைய தோழிகள் எல்லோர் வீட்டிலும் இருந்ததால், எங்கள் அடுப்படிக்கும் வந்துவிட்டது. புழுக்கள் பெருகி அரிசி டப்பாவை எட்டியதும் அம்மா, "ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றார். அப்பா யோசித்தார். யோசித்ததுதான் பெரிய தப்பாகிவிட்டது.

"கொல்லாதீங்க அத்தான், பாவம். காட்டுல விட்டா சுதந்திரமா இருக்கும்," என்றார் சித்தி.

காவலர் எங்கள் செருப்புகளை வாங்கிப் பல் துலக்குவதுபோலத் துலக்கினார்.

"இந்த மண்ணுல புழு முட்டை இருக்கும் சார். கண்ணுக்கே தெரியாது."

"வாளியில முழுப் புழுவே இருக்கே," என்றார் அப்பா. அவருக்குப் பொய் வராது.

காவலர் எட்டிப் பார்த்தார். "உத்தரவு செருப்புக்குத்தான் சார். வாளியைப் போட்டுக்கிட்டா நடக்கப் போறீங்க? நகருங்க, பின்னாடி ஆள் நிக்குது."

புழுக்கள் விடுதலை பெற்றன. சித்தி கண் கலங்கியபடி படம் எடுத்தார்.

ஒரு மழைக்காலம் போனது. சித்தியே சேதியும் கொண்டுவந்தார். "அந்தப் புழு காட்டுக்கு ஆகாதாம் அத்தான். சருகையெல்லாம் தின்னு தீர்த்துடுமாம், விதை முளைக்காதாம். யாரோ அறிவில்லாதவங்க கொண்டுபோய் விடுறாங்களாம்."

அப்பா அரசு பஸ் ஓட்டுகிறவர், கடந்து வந்ததைத் திரும்பிப் பார்த்துப் பழக்கமில்லாதவர். ஆனால் இந்த விஷயத்தில் அவருக்கு மனசு கேட்கவில்லை. லீவு நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு காட்டுக்குப் போய், தோண்டித் தோண்டிப் பொறுக்கி வாளியை நிரப்பினார். திரும்பும்போது வாசலில் வன அதிகாரி ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"என்ன அது?"

"நான் விட்ட புழுதான் சார். திரும்ப எடுத்துட்டுப் போறேன்."

"விட்டது தப்பில்ல. காட்டுக்குள்ள போயிட்டா அது காட்டுயிர். வெளிய எடுத்தா கடத்தல்."

"அது காட்டையே அழிக்குதே சார்."

"அதுக்குத்தானேய்யா பிரஷ் வெச்சிருக்கோம்?"

வழக்கு என்றால் அப்பாவுக்கு வேலை போய்விடும். கும்பிட்டார். அதிகாரி மனமிரங்கினார். "சரி, எடுத்த இடத்திலேயே விட்டுடுங்க. வழக்கில்ல."

அப்பா வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்க் கவிழ்த்தார். கூடவே வந்த அதிகாரி அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

அந்தப் படம் இப்போது வாசலில் ஆளுயரத்துக்கு நிற்கிறது: "காட்டுயிரைக் காட்டுக்கே தந்த கருணையாளர். நீங்கள் எப்போது?"

ஞாயிறுதோறும் வாளிகளோடு வரிசை நீள்கிறது. உள்ளே சருகு என்று ஒன்று இல்லை. "எவ்வளவு சுத்தமாப் பெருக்கி வெச்சிருக்காங்க பாரு," என்று மெச்சிக்கொண்டே நடக்கிறார்கள்.

ஒருவர் செருப்பிலும் துளி மண் கிடையாது. எங்கள் செருப்பிலும்தான்.