டாலி அண்ணாச்சியின் சத்தக் கணக்கு

தூத்துக்குடியில் சத்தத்தை எண்ணத் தெரிந்த ஒரே மனிதர் டாலி அண்ணாச்சிதான். மற்றவர்கள் சத்தத்தைக் கேட்டார்கள், திட்டினார்கள், அல்லது பதிலுக்கு இன்னொரு சத்தம் போட்டார்கள். அண்ணாச்சி மட்டும் பென்சிலை எடுத்துக் கோடு போட்டார்.

கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் கோடு போட்டு எண்ணுகிறவரை எங்கள் துறைமுகத்தில் டாலி கிளார்க் என்பார்கள். நாலு கோடு, குறுக்கே ஒன்று, அது ஐந்து. அண்ணாச்சிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. அவர் வேலை பார்த்த ஏற்றுமதி இறக்குமதி அலுவலகத்தில் நான் இருந்த நாலு வருடத்தில் அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. உடன்குடிக்காரர். ஐம்பத்தைந்து வயது, கனத்த கண்ணாடி, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில்.

கப்பல் வராத நாட்களிலும் அவர் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டில் இலையை எண்ணுவார். ஒரு துக்க வீட்டில் வந்தவர்களை எண்ணி, கிளம்பும்போது அந்தத் தாளை வீட்டுக்காரரிடம் கொடுத்தார். வீட்டுக்காரர் அதை இன்னும் பத்திரமாக வைத்திருப்பதாகக் கேள்வி.

ஹெட்போன் அவர் கைக்குப் போனது என்னால்தான். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன் நான். பஸ் இரைச்சல் தாங்காமல், விலை குறைந்த ஒன்றை வாங்கியிருந்தேன். காது முழுவதையும் மூடுகிற பெரிய வகை. வயர் கிடையாது. வெளி இரைச்சலைக் குறைக்க ஒரு பொத்தான் உண்டு.

“இது என்ன தம்பி?”

“சத்தத்தக் குறைக்கும் அண்ணாச்சி.”

“எத்தன குறைக்கும்?”

பெட்டியை எடுத்துக் காட்டினேன். அதில் ஏதோ ஒரு எண் அச்சிட்டிருந்தது. கண்ணாடியை உயர்த்தி அதைப் படித்தார்.

“இது அவன் எண்ணுனது. நாம எண்ணலியே.”

அன்று மத்தியானம் அலுவலக ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிடம் வெறுங்காது. பத்து நிமிடம் மாட்டிக்கொண்டு, பொத்தானை அமுக்காமல். பத்து நிமிடம் அமுக்கி. ஹார்ன், காக்கை, கன்டெய்னர் லாரி, மேனேஜர் என்று காதில் விழுந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. ஒரு பாட்டாவது போட்டுப் பாருங்கள் என்றேன்.

“பாட்டப் போட்டா எல்லாச் சத்தமுந்தான் அமுங்கும். அதுல இந்த மிஷினுக்கு என்னல பெரும?”

எதையும் கேட்காமல் இருப்பதற்காக மட்டுமே ஹெட்போன் மாட்டிய மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இது ஒரு வேடிக்கையாகவே முடிந்திருக்கும். ஜெனிபர் விவகாரம் வந்து அதைத் தீவிரமாக்கியது.

ஜெனிபர் எங்கள் அலுவலகத்தில் சரக்கு ஆவணங்களைத் தயார் செய்பவர். கணவர் விசைப்படகு டிரைவர், மகள் இரண்டாம் வகுப்பு. அந்த வருடம் ஆவணப் பிரிவைச் சென்னைக்கு மாற்ற மேலிடம் முடிவு செய்தது. ஜெனிபர் மட்டும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கக் கேட்டார். சரி என்றார்கள், ஒரு நிபந்தனையோடு. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வீட்டிலிருந்தே கணினி வழியே பேச வேண்டும், அதில் பின்னணிச் சத்தம் இருக்கக் கூடாது. முதல் பேச்சு ஒழுங்காக நடந்தால் வீடு. இல்லாவிட்டால் சென்னை. கடலை விட்டுக் கணவர் வர முடியாது, மகளை விட்டு ஜெனிபர் போக முடியாது. ஆகவே சென்னை என்றால் வேலை போனது என்று அர்த்தம்.

ஜெனிபரின் வீடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில். அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் கம்பெனி. காலை பத்தரைக்கு மீன் லாரிகள் வரும், ஐஸ் கட்டிகளை உடைக்கிற மிஷின் ஓட ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் ஜெனிபர் வீட்டில் குக்கர் விசிலைக் கண்ணால்தான் பார்க்க முடியும்.

“ஏளா ஜெனிபரு, கலங்காத” என்றார் அண்ணாச்சி. “மூவாயிரத்துக்குள்ள எது நல்ல செட்டுன்னு நான் எண்ணிச் சொல்லுதேன்.”

“மூணு வாரந்தான் இருக்கு அண்ணாச்சி.”

“மூணு வாரத்துல நான் மூணு கப்பல எறக்கிருவேன்.”

பஸ் நிலையத்துக்கு எதிரே செல்போன் கடை வைத்திருந்த பாயிடம் பேசி, கறுப்பு, நீலம், சாம்பல் என்று மூன்று செட்டுகளை இரவல் வாங்கி வந்தார். பதிலுக்கு, முடிவைக் கடைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம் என்று பாய்க்கு அனுமதி.

சாம்பல் நிறத்தை மாட்டிக்கொண்டு துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரில் நடந்தார். கடற்காற்று அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே இருந்த காற்றைவிட உள்ளே பெரிய காற்று அடித்ததாம். “சத்தத்தக் குறைக்கச் சொன்னா இதுவே கூட ஒண்ணு சேத்து விடுது” என்று திருப்பிக் கொடுத்தார். போதாததற்கு, கண்ணாடிக் கம்பி காதோரம் கொடுத்த இடைவெளியில் அத்தனை ஹார்னும் உள்ளே வந்துவிட்டது.

கறுப்பை உப்பளச் சாலையில் வைத்து வெயிலில் பார்த்தார். வேர்வை காதிலிருந்து கிளம்பிச் சட்டைக் காலருக்கு வந்து சேரும் நேரத்தையும் தாளில் குறித்துவைத்தார். அதன் பெட்டியில் நாற்பது மணி நேரம் சார்ஜ் நிற்கும் என்று எழுதியிருந்தது.

“நாப்பது நிமிசத்துல காது வெந்துருது” என்றார். “மிச்ச நேரம் யாருக்கு?”

அதே கறுப்போடு மீன் ஏலத்துக்கும் போனார். அங்கேதான் விபரீதம். ஒரே சீராக வருகிற இரைச்சலை, அதாவது படகு எஞ்சின், ஜெனரேட்டர் போன்றவற்றை, அது நன்றாகவே அமுக்கியது. திடீரென்று கத்துகிற மனிதக் குரலை அதனால் தடுக்க முடியவில்லை. குரல் கேட்டது, வார்த்தை புரியவில்லை. ஏலக்காரர் ஒரு முறை கத்தினார். அண்ணாச்சி பென்சிலை உயர்த்திக் கோடு போட்டார். ஏலக்காரர் அதை விலை ஏற்றமாக எடுத்துக்கொண்டு மறுபடி கத்தினார். அண்ணாச்சி மறுபடி பென்சிலை உயர்த்தினார். அவர் கத்த இவர் கோடு போட, இவர் கோடு போட அவர் கத்த, எதிரே ஏலம் கேட்டுக்கொண்டிருந்த வியாபாரி ரோசத்தில் கொஞ்ச தூரம் கூட வந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஒரு பெரிய கூடை சாளை மீனோடு அண்ணாச்சி அலுவலகத்துக்கு வந்தார். ஆளுக்கு ஒரு கிலோ வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

“மனுசக் குரல விட்டுருது. அத எழுதிக்கோ தம்பி” என்றார். மீனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நீலத்தை மாட்டிக்கொண்டு துறைமுக வாசலைக் கடந்தபோது காவலர் கூப்பிட்டிருக்கிறார். இவர் நிற்கவில்லை. காவலர் ஓடி வந்து வழிமறித்துச் சத்தம் போட்டார். அண்ணாச்சி ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“உங்க வாய் நாலு தடவ அசஞ்சுது. காதுக்கு ஒண்ணுதான் வந்துது. இதுதான் சார் செட்டு!”

நீலத்துக்கு முதலிடம். ஜெனிபர் வீட்டுப் பின்கட்டிலேயே ஒரு காலை நேரம் உட்கார்ந்து, ஐஸ் மிஷின் ஓட ஓட எண்ணி அதை உறுதியும் செய்தார். வெறுங்காதுக்கு ஒரு தாள் நிறையக் கோடு, நீலத்துக்கு ஒன்றரை வரி. ஜெனிபர் மறுநாளே நீலத்தை வாங்கினார்.

முதல் வெள்ளிக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, சென்னை மேனேஜர் ஒரு ஒத்திகை வைத்தார். நானும் அலுவலகத்திலிருந்து அந்தப் பேச்சில் இருந்தேன். ஜெனிபர் வணக்கம் சொன்னதும் என் காதில் விழுந்தது வணக்கம் இல்லை. கருங்கல் ஜல்லி லாரி கவிழ்வது போல ஒரு சத்தம்.

“ஜெனிபர், எங்க இருக்கீங்க?” என்றார் மேனேஜர்.

“வீட்லதான் சார்.”

“வீட்ட இடிக்கிறாங்களா?”

“இல்ல சார். ரொம்ப அமைதியா இருக்கு. ஒரு சத்தம் இல்ல” என்றார் ஜெனிபர், பெருமையாக.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நீலம் அவர் காதைக் காப்பாற்றிவிட்டது. ஐஸ் மிஷின் மொத்தமும் மைக் வழியாகச் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையும் இப்படியென்றால் அடுத்த மாதம் சென்னைக்கு வந்துவிட வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லி முடித்தார்.

விஷயத்தைக் கேட்டதும் அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் மூன்று செட்டுகளையும் மாட்டிக்கொண்டு அலைந்தவர், ஒன்றில்கூட யாரிடமும் பேசிப் பார்க்கவில்லை.

“தப்பு என்னுதுதான் தம்பி. முப்பது வருசமா நான் எறக்குமதி டாலி. கப்பல்ல இருந்து எறங்குறது மட்டுந்தான் என் கணக்கு. ஏத்துறதுக்கு வேற ஆளு. எறங்குற சத்தத்தப் பூரா எண்ணிட்டேன். ஏறுற சத்தத்த ஒருத்தனும் எண்ணல.”

புதன், வியாழன் இரண்டு நாளும் ஐஸ் கம்பெனி வாசலில் நின்று, மூன்று செட்டுகளிலும் மாறி மாறி எனக்குப் பேசினார். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து கோடு போட்டேன். வாய்க்கு நேரே மைக் நீண்டிருக்கும் வயர் செட்டு ஒன்றையும் பாயிடம் வாங்கிப் பார்த்தோம். அது கொஞ்சம் தேவலை. ஆனால் பத்தடி தூரத்தில் ஓடும் ஐஸ் மிஷினை முழுக்க அடக்குகிற மைக் மூவாயிரத்துக்குள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நான் ஜெனிபர் வீட்டிலேயே இருந்தேன். கோப்புகளை விளக்கும் முதல் பகுதி என்னுடையது, இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து பேசுவதாக ஏற்பாடு. பத்தரைக்கு மிஷின் வழக்கம்போல ஓட ஆரம்பித்தது. ஜெனிபர் மாதா படத்தைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மிஷின் நின்றது.

மின்சாரம் போய்விட்டதோ என்று மேலே பார்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

என் பகுதியைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, ஜெனிபர் பேசத் தொடங்கியதும் பின்கட்டுக்குப் போய்ச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ஐஸ் கம்பெனி மேடையில் கட்டிகள் வரிசையாகக் கிடந்தன. நடுவே அண்ணாச்சி, கையில் தாளும் பென்சிலுமாக. அவருக்கு இரண்டு பக்கமும் கம்பெனி சூப்பர்வைசரும் லாரி டிரைவரும். எத்தனை கட்டி ஏற்றியது என்று அந்த இரண்டு பேருக்கும் தினமும் தகராறு. உடைப்பதற்கு முன்னால் முறையாக எண்ணி டாலி தாள் போட்டுவிட்டால் தகராறு தீரும் என்று சொல்லித்தான் அண்ணாச்சி உள்ளே போயிருக்கிறார். எண்ணி முடிக்கும்வரை மிஷின் ஓடக் கூடாது, அதுதான் டாலி முறை என்றும் சொல்லியிருக்கிறார்.

டிரைவர் பொறுமை இழந்திருந்தார். ஆனால் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் அண்ணாச்சி உதட்டில் விரலை வைத்ததால், அந்த மனிதர் கிசுகிசுப்பாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, ஐஸ் கரையுது.”

“ஏலே, இரு. பேச்சுக் குடுத்துக் கணக்க விட வச்சிட்டியே. திரும்ப மொதல்ல இருந்து எண்ணணும்.”

“இது மூணாவது தடவ அண்ணாச்சி!”

“கணக்கு சரியா இருக்கணும்லா?”

மறுபடி முதல் கட்டியில் பென்சிலை வைத்தார். ஒன்று. கொஞ்ச நேரம் யோசித்தார். இரண்டு. மேடையிலிருந்து தண்ணீர் ஒழுகி அவருடைய செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது. நகரவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு ஜெனிபர் நீல ஹெட்போன் கழுத்தில் தொங்கப் பின்கட்டுக்கு வந்தார். அவரைப் பார்த்ததும் சூப்பர்வைசர் முதல் முறையாக உரக்கப் பேசினார்.

“என்ன ஜெனிபரு, பேசி முடிச்சிட்டியா? இவரு இன்னொரு தடவ எண்ணுனாருன்னா தண்ணியத்தான் லாரில ஏத்தணும்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, சூப்பர்வைசருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

ஜெனிபர் சுவரைப் பிடித்துக்கொண்டு, “வீட்டுல இருந்தே பாக்கச் சொல்லிட்டாங்க அண்ணாச்சி” என்றார்.

அண்ணாச்சி அவர் பக்கம் திரும்பவில்லை. கட்டிகளையும் பார்க்கவில்லை. “தொண்ணூத்தாறு” என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். “மிஷினப் போடு.”

டிரைவர் எண்ணிப் பார்த்தார். தொண்ணூற்றாறுதான்.

டாலி தாளில் போட்ட ஒரு கோட்டை அடித்துத் திருத்தினாலும் கப்பல் அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அதனால் முப்பது வருடமாகத் தன் தாளில் அடித்தல் விழவிடாதவர் அண்ணாச்சி. அன்றைய தாளில் மூன்று கணக்குகள் குறுக்காக அடிக்கப்பட்டிருந்தன. கீழே ஒழுங்காகத் தன் கையெழுத்தைப் போட்டு அதைச் சூப்பர்வைசரிடம் கொடுத்தார்.

நான் அந்த அலுவலகத்தை விட்டு வரும்வரை, ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஐஸ் கம்பெனியில் டாலி நடந்தது. துறைமுகத்திலேயே வேகமாக எண்ணுகிற அந்தக் கை, எண்ணப் பழகாத கை மாதிரி, ஜெனிபர் பேசி முடிக்கும்வரை ஒவ்வொரு கட்டியாக மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.