இன்னொருக்கா சொல்லாத ஒரே நாள்

வீடியோ நாடாவின் உறைமேல் அவர் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "இடம்: மடுல்கெல்ல. கதைப்படி: இந்தியா. ஞாயிறு, காலை, பனி." ஆண்டை மட்டும் ஈரம் அழித்துவிட்டது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்பதற்கு மேல் திட்டமாகச் சொல்ல முடியாதது எனக்கு இன்றும் உறுத்தல்.

எழுதியவரின் சொந்தப் பெயர் கண்டியில் எங்கள் மஹய்யாவைப் பகுதியில் எவருக்கும் தெரியாது. 'இன்னொருக்கா' என்றால் குழந்தையும் வீட்டைக் காட்டும். ஒரே மாப்பிள்ளையை ஒரே பெண்ணுக்கு மூன்று தடவை தாலி கட்ட வைத்த கல்யாண வீடியோக்காரர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். முதல் தடவை ஐயர் கை மறைத்தது. இரண்டாம் தடவை மாமியார் தும்மினார். "மாப்ள, இன்னொருக்கா கட்டுங்க, நல்ல நேரம் இன்னும் இருக்கு!" சாவு வீட்டுக்கு மட்டும் யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. பாடையை இறக்கித் திரும்பத் தூக்கச் சொல்வார் என்ற பயம்.

அவருடைய அக்கா கோத்தகிரியில் இருந்தார். தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய குடியுரிமை ஒப்பந்தத்தின்படி புருஷனோடு கப்பலேறியவர். தம்பி இங்கேயே நின்றுவிட்டார். "நாங்க இங்க இந்தியாக்காரங்க. அக்கா அங்க சிலோன்காரி. ரெண்டு பேருக்கும் ஊரு நடுக்கடல்லதான்" என்பார். ஒருநாள் தொலைபேசியில் அக்கா ஊர் ஞாபகமாகவே இருக்கிறது என்று அழ, இவர் "எல்லாம் பழகிரும்க்கா" என்றிருக்கிறார். "ஊர்லயே குந்திக்கிட்டு இருக்க ஒனக்கு என்னடா தெரியும்?" என்று போனை வைத்த அக்கா, பிறகு பேசவே இல்லை.

தனக்கும் தெரியும் என்று காட்டத்தான் அந்தக் குறும்படம். இந்தியா போன தோட்டத்துப் பிள்ளை ஒருவன் அங்கே மலையில் நின்று கண்டியை நினைத்து ஏங்குகிறான். கதை அவ்வளவுதான். முதலில் ஒரு கலாசாரப் போட்டிக்கு, பிறகு அக்காவுக்கு. கதாநாயகன் நான். மாநகர சபை எழுதுவினைஞனுக்கு இயல்பிலேயே ஏக்க முகம் என்றார்.

"இந்தியாவுக்கு எப்ப போறோம்?" என்று கேட்டேன்.

"எதுக்கு தம்பி? தேயிலை எங்கயும் தேயிலைதான். மடுல்கெல்லையில எடுத்துக் கோத்தகிரின்னு போட்டா யாரு கேக்கப் போறா?"

அன்று பனி மலையை மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டிருந்தது. தேயிலைச் செடிகள் தோன்றின, கரைந்தன, மறுபடி தோன்றின. அந்த வெண்மைக்குள் நிற்க நிற்க, நான் எந்த நாட்டில் நிற்கிறேன் என்று எனக்கே தெரியாமல் போயிற்று. தொல்லை ஒன்றுதான்: என் முதுகுக்குப் பின்னால் பஸ் போகும் பாதை. அதனால் கேசட் கடை நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), பஸ் வந்தால் படமெடுப்பதை நிறுத்தும்படி ஆட்டுவதற்குச் சிவப்புத் துவாயோடு வளைவில் நிறுத்தப்பட்டார்.

ஆடு குறுக்கே வந்தது. இன்னொருக்கா. மேகம் நகர்ந்தது. இன்னொருக்கா. "சம்பளம் வராத மாதிரி நிக்கிறீங்க தம்பி. ஊர் இல்லாத மாதிரி நில்லுங்க. இன்னொருக்கா!"

கடைசியில், பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டது. 'இன்னொருக்கா' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நெடுநேரம் கழித்து, தூக்கத்தில் பேசுகிறவர் போல, "போதும்" என்றார். என் நடிப்பு அவரை உலுக்கிவிட்டது என்ற மிதப்பில் ஊர் திரும்பினேன்.

போட்டியில் நடுவர் படத்தைப் பாதியில் நிறுத்தினார். "இந்தியாவில எங்கய்யா சிங்களத்தில 'மஹநுவர'ன்னு கண்டி போர்டு போட்ட பஸ்?"

நானா கொதித்தார். "வல்லாஹி, நான் துவாய ஆட்டினேன்! கை கழண்டு விழுற மாதிரி ஆட்டினேன்!"

"பனிங்க நானா, பனி" என்றார் இன்னொருக்கா.

இன்னொரு தடவை எடுக்கலாம் என்று நான்தான் கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. இந்தியா போன ஒரு புடவை வியாபாரியிடம் நாடாவின் பிரதி ஒன்றை அப்படியே கொடுத்தனுப்பினார். பிறகு நாள்தோறும் தொலைபேசிக் கடை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தார்.

அழைப்பு வந்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். அக்காவின் குரல் கடைக்கே கேட்டது.

"டேய், அது நம்ம பஸ்ஸுடா! நம்ம டவுனு பஸ்ஸுடா! இன்னொருக்கா போடு, இன்னொருக்கா போடுன்னு பேரப்பயலுக உசுர எடுக்கிறேன்டா. ஒனக்கு எப்புடிடா தெரிஞ்சிச்சு?"

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா, நடுவுல பஸ்ஸ மறைச்சுக்கிட்டு நிக்கிறானே, யாருடா அந்த ஆளு?"

அவர் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. எந்தத் தேதி இடித்தாலும் நாலு பேரிடம் கேட்டுச் சரிபார்க்கிற நான், ஒன்றை மட்டும் அவரிடம் கேட்கவே இல்லை. அன்று பனிக்குள்ளிருந்து அந்தப் பஸ் வந்ததை அவர் பார்த்தாரா, இல்லையா என்பது இதுவரை உறுதிசெய்யப்படாத தகவல்.