குறுக்குக் காற்றும் கடைசிப் பலகையும்

“நீ உள்ளே வந்தாலே அது வழி மாறிப் போகுது, ஸ்டானா! நீ வந்தாலே!”

என் கணவர் திகோமிர் என் மேல் சுமத்திய குற்றம் இது, ஒரு வார்த்தை மாறாமல். ‘அது’ என்பது அவருடைய சி.என்.சி. மெஷின். கணினி போட்டுக் கொடுத்த கோட்டில் மரத்தைச் செதுக்குமாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மற்ற ஆண்கள் மீன் பிடிக்கப் போகிறார்கள், பிளம் சாராயம் காய்ச்சுகிறார்கள். என் வீட்டு ஆண்பிள்ளை முற்றத்துச் சமையலறையில் பாதியைப் பிடுங்கி இதைக் குடிவைத்திருக்கிறார்.

“நான் சுட்ட மிளகாய்க்குத் தோல் உரிக்க வரேன். உன் மெஷினுக்குக் கண்ணு வைக்க வரல.”

“நான் தனியா இருந்தா நூல் பிசகாம ஓடுது. நீ அந்த முக்காலியில உக்காந்து அரை மணி நேரம் ஆச்சுன்னா குடிகாரன் மாதிரி வலப்பக்கம் சாயுது. இதுக்கு என்ன அர்த்தம்?”

“உன்னை மாதிரியே அதுக்கும் என்கிட்ட பயம்னு அர்த்தம்.”

வாய்தான் அப்படிப் பேசியது. கண் மெஷின் மேசையில் கிடந்த பலகையை விட்டு நகரவில்லை.

கல்யாணத்துக்கு என் அப்பா கொடுத்தது மூன்று வால்நட் பலகைகள். அவர் நட்டு, அவரே வெட்டிய மரம். முப்பது வருஷம் அலமாரிக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தேன். எங்கள் வீட்டுப் புனிதர் லூக்காவின் திருநாளுக்கு அவர் படத்துக்கு ஒரு சட்டம் செதுக்கித் தருகிறேன் என்று ஆரம்பித்து, திகோமிர் இரண்டு பலகையைத் தின்று தீர்த்துவிட்டார். முதலாவதில் திராட்சைக் கொடி பலகையின் ஓரத்தைத் தாண்டி ஊரைவிட்டே ஓடிப்போனது. இரண்டாவதில் கொடி மேல் கொடி ஏறி, முள்வேலியாகிவிட்டது. மூன்றாவது இதோ, மெஷின் மேசையில் இறுக்கிக் கட்டிக் கிடக்கிறது.

திருநாளுக்கு நாலே நாள். என் அண்ணன் குவோஸ்தென் வருவான். தொப்பியைக் கழற்றும் முன்பே “அப்பா பலகை எங்கே?” என்பான். இல்லை என்றால் கத்த மாட்டான். பேசாமல் சாப்பிட்டுவிட்டு, வாய் துடைத்துக்கொண்டு போவான். பிறகு பத்து வருஷம் வரமாட்டான். அத்தைக்கு அதுதான் நடந்தது. அவள் தொலைத்தது வெறும் ஒரு கோடரி.

பக்கத்து வீட்டு ராய்கோ அழைத்து வரப்பட்டார். நூல் ஆலையில் மின்சார வேலை பார்த்தவர். நான் மிளகாய் உரிப்பதை நிறுத்திவிட்டு, மரியாதைக்கு எழுந்து நின்றேன்.

“திருகெல்லாம் முறுக்கிப் பார்த்தியா?”

“பார்த்தாச்சு.”

“தூசி உறிஞ்சுற குழாய்க்கு எர்த்?”

“கொடுத்தாச்சு. ஒயர் மாத்தியாச்சு. வேகத்தைக் குறைச்சாச்சு. பாதிரியாரைத்தான் இன்னும் கூப்பிடல.”

“அப்ப அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டிதான். உள்ளே சூடேறினா மோட்டாருக்குப் பலம் போயிடும், அடி தவறிக் கோட்டை விட்டு விலகும். பெட்டியில விசிறி ஓடுதா?”

திகோமிர் என் முக்காலிக்குப் பின்னால் இருந்த பெட்டியிடம் குனிந்து கன்னத்தைக் கொடுத்தார். “ஜம்முனு ஓடுது. காத்து முகத்துல அறையுது.”

“அப்படின்னா உன் பொண்டாட்டிதான்,” என்று ராய்கோ தீர்ப்புச் சொல்லி, ஒரு குவளை சாராயம் வாங்கிக்கொண்டு போனார்.

 என் ஏப்ரன் பையில் திகோமிரின் கம்பளிக் காலுறை ஒன்று கிடந்தது. அடுப்பிலிருந்து எடுத்த மிளகாய் மாதிரிச் சுட்டது.

விஷயம் இவ்வளவுதான். அந்த விசிறிக் காற்று நேராக என் பிடரியில் வந்து விழும். எங்கள் ஊரில் குண்டுக்குப் பயப்படாதவன்கூடக் குறுக்குக் காற்றுக்குப் பயப்படுவான். கழுத்து கோணும், காது அடைக்கும், சிறுநீரகம் போகும். அதனால் உட்காரும்போது காலுறையை அந்த ஓட்டையில் அடைப்பேன், எழுந்திருக்கும்போது உருவிக்கொள்வேன். பத்து நாளாக இதுதான் நடக்கிறது. ராய்கோ ‘சூடு’ என்ற நொடியில் எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. அப்பாவின் இரண்டு பலகைகளையும் கொன்றது நான்.

சொல்லியிருக்கலாம். ஆனால் ‘என்னாலதான்’ என்று இந்த வீட்டில் நான் முப்பது வருஷமாகச் சொன்னதில்லை. ஒரு தடவை சொன்னால் பழக்கமாகிவிடும்.

“சரி,” என்றேன், தலையைத் தொங்கப்போட்டு. “என் ராசிதான் போல. பலகை முடியிற வரைக்கும் நான் இங்கே கால் வைக்கல.”

திகோமிருக்கு நம்ப முடியவில்லை. “நிஜமாவா?”

“நிஜமா. ஆனா முப்பது கிலோ மிளகாய் சுட்டு வச்சிருக்கேன். நாளைக்குள்ள உரிக்கலேன்னா புளிச்சிடும். இந்த வருஷம் ஐவார்த் தொக்கு கிடையாது.”

“ஐவார் இல்லாம குளிர்காலமா?” அவர் முகம் வெளுத்தது. “நான் உரிக்கிறேன்! மெஷின் பாட்டுக்கு ஓடட்டும், நான் பாட்டுக்கு உரிக்கிறேன்.”

“உன்னால முடியுமா, மனுஷா? விரல் எரியும்.”

“ஒரு மெஷினையே ஓட்டுறேன், மிளகாய் எனக்கு எம்மாத்திரம்?”

ஜெயித்துவிட்டவர் நடை நடந்து போனார். அடுப்பும் அண்டாவும் அந்தப் பக்கம் இருப்பதால் முக்காலியை வேறெங்கும் போட முடியாது என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை வீட்டுக்குள் உட்கார்ந்து, காலை நீட்டி, காபி குடித்தேன். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக வேறொருவர் மிளகாய் உரிக்கிறார். பலகையை முடிக்க மெஷினுக்கு மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றிருந்தார். முற்றத்திலிருந்து மெஷின் ஒரே சுருதியில் ரீங்கரித்தது. ஐம்பது நிமிஷம் போயிற்று. கொடி நேராகத்தான் போய்க்கொண்டிருக்க வேண்டும், அப்பா.

“ஸ்டானா!”

காபிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“இந்தப் பெட்டியிலேருந்து காத்து பிடரியிலேயே வந்து அடிக்குது! அடைக்கிறதுக்கு ஒரு பழைய சாக்ஸ் கொண்டா!”

ஓடினேன். அவரிடம் இல்லை, அலமாரிக்கு. இருந்த காலுறைகளையெல்லாம் அள்ளித் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன்; மின்சாரப் பெட்டியில் ஈரத் துணியை அடைக்க முடியாதே. வேறு துணி தேடி அவரே வர மாட்டார், முழங்கை வரை மிளகாய்ச் சாறு. காலில் போட்டிருப்பதைக் கழற்றவும் மாட்டார். சிமெண்டுத் தரையில் வெறுங்கால் என்பது குறுக்குக் காற்றைவிடப் பெரிய ஆபத்து. திரும்பி வந்து, சத்தம் வராமல் உட்கார்ந்தேன். இன்னும் நாற்பது நிமிஷம்.

“ஸ்டானா, காது அடைக்குது! கழுத்து இழுத்துக்கும் போல இருக்கு! ஒரு சாக்ஸ்தானே கேக்கிறேன், தாயே! ஒண்ணே ஒண்ணு! ஸ்டானா?”