சாப்பிடுவதற்காகத் தங்கியிருப்பவர்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கே தோசை நல்லாயிருக்கும், எங்கே கொத்து ரொட்டிக்குக் கறி தாராளமாக விடுவார்கள் என்று ஆட்கள் என்னைத் தேடிவந்து கேட்ட ஒரு காலம் இருந்தது. இந்தப் பெருமை நானாகத் தேடிக்கொண்டதல்ல. உரிய படிவம் பூர்த்தி செய்யப்பட்டு, உரிய அதிகாரியால் கையொப்பமிடப்பட்டு, எனக்கு வழங்கப்பட்டது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, யுத்தகாலம். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு லொட்ஜின் மூன்றாம் மாடியில் இருந்தேன். பெயர் நாகேந்திரம். வயது ஐம்பத்தாறு. யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், இருபத்தாறு வருடம் கிளாக். மனைவியும் மகளும் கனடாவில். தூதரகத்திலிருந்து கடிதம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதே அப்போது என் முழுநேர உத்தியோகம். குடல்புண் காரணமாக டொக்டர் எனக்கு உறைப்பு, எண்ணெய், வெளிச்சாப்பாடு எல்லாவற்றையும் தடைசெய்திருந்தார்.

வடக்கிலிருந்து வந்தவர்கள் பொலிஸில் பதிய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்க வேண்டும். பதிவுத் துண்டு இல்லாமல் சுற்றிவளைப்பில் அகப்பட்டால் ட்ரக்கில் ஏற்றுவார்கள். இறக்கும் இடம் பற்றி உத்தரவாதம் கிடையாது.

படிவத்தில் ஏழாவது கேள்விதான் ஆளைக் கொல்வது. ‘கொழும்பில் தங்கியிருப்பதற்கான காரணம்.’ எங்கள் லொட்ஜில் ‘வைத்தியம்’ என்று எழுதியவரிடம் நோயைக் காட்டச் சொன்னார்கள். ‘வெளிநாடு போக’ என்று எழுதியவரிடம் தூதரகக் கடிதம் கேட்டார்கள். அந்தக் கடிதம் வராதபடியால்தானே அவர் கொழும்பில் இருந்தார்!

எனக்குள் இருந்த கிளாக் விழித்துக்கொண்டான். இருபத்தாறு வருடமாக நானும் இதைத்தான் செய்தவன். எதற்கும் அத்தாட்சி கேட்டு, கிழவர்களை வெயிலில் மூன்று தரம் அலைய வைத்தவன். ஆகவே அத்தாட்சி கேட்க முடியாத ஒரு காரணத்தை ஓர் இரவு முழுக்க யோசித்துக் கண்டுபிடித்தேன். கச்சேரிப் பரீட்சைக்குப் படித்த சிங்களத்தில் அழகாக எழுதினேன்: ‘சாப்பிடுவதற்கு.’

பதிவு மேசையில் சார்ஜன்ட் ரத்நாயக்க இருந்தார். பெரிய உடம்பு, சின்ன மூக்குக்கண்ணாடி. படிவத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“சாப்பிடவா வந்தீர்?”

“ஓம், மஹத்தயா.”

“ஏன், யாழ்ப்பாணத்தில சாப்பாடு இல்லையா?”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் மூச்சை அடக்கினார்கள். இல்லை என்று சொன்னால், வடக்குக்கு எல்லாம் போதிய அளவில் அனுப்பப்படுகிறது என்ற அரசாங்க அறிக்கையைப் பொய்யாக்கியவன் ஆவேன். இருக்கிறது என்றால், பிறகு உனக்கு இங்கே என்ன வேலை?

“இருக்கு மஹத்தயா. தாராளமா இருக்கு. ருசிதான் காணாது.”

சார்ஜன்ட் பேனையைக் கீழே வைத்தார். “அது உண்மைதான். என்ர மச்சானும் அங்கதான் டியூட்டியில. அவனும் அப்பிடித்தான் எழுதுறான்.”

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்த அந்த நொடியில் அவர் கேட்டார்: “அத்தாட்சி?”

“சாப்பிட்டதுக்கா?”

“நாளைக்கு மேலதிகாரி வந்து, இந்த மனுசன் சாப்பிட வந்தவர் எண்டுறாரே, சாப்பிட்டாரோ எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது? எந்தக் கடை, என்ன சாப்பாடு, எப்பிடி இருந்தது. மாதாமாதம் எழுதிக் கொண்டுவாரும்.”

இவ்விதமாக, வெளிச்சாப்பாடு தடைசெய்யப்பட்ட ஒருவன் சட்டப்படி வெளியே சாப்பிடக் கடமைப்பட்டான்.

முதல் மாதம் ஏமாற்றிப் பார்த்தேன். அதுவரை நான் உண்மையில் சாப்பிட்டு வந்தது கனகேஸ்வரி அக்கா வீட்டில். இரண்டு ஒழுங்கை தள்ளி, ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில், லொட்ஜ் பெடியள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அவர் சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு மாத்திரம் புறம்பாக மிளகாய் போடாத தேங்காய்ப்பால் சொதியும் இடியப்பமும், வயிறு கூடாத நாளில் கஞ்சியும். பலகை கிடையாது, பெயர் கிடையாது. அதனால் பட்டியலில் அதைப் போடாமல், காலி வீதியில் ஒரு சைவக் கடையின் பெயரைப் போட்டு, ‘வடை மெத்து மெத்தென்று இருந்தது’ என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

“மெத்து மெத்தெண்டு எழுதியிருக்கிறீர். நான் நேற்றுப் போய்ச் சாப்பிட்டனான். கல்லு மாதிரி. பொலிசுக்குப் பொய்த் தகவல் குடுத்தால் என்ன தண்டனை எண்டு தெரியுமா?”

அன்றிலிருந்து நான் உண்மையாகவே சாப்பிட்டேன். காலையில் ஒரு கடையில் தோசை, மத்தியானம் இன்னொன்றில் சோறு. குடல்புண் மருந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மஜீட் ஹோட்டல் புரியாணியை அரச கடமையாக விழுங்கினேன். அந்த நாளைய புதுநாகரிகமான சைனீஸ் கடைக்கும் போனேன். வாசலில் சிவப்பு டிராகன்; குசினியில் சமைப்பவர் யாழ்ப்பாணத்துக் கோப்பாய்க்காரர். வெளிநாட்டுக் காசு வந்த குடும்பங்கள் அங்கே வந்து, ஃபிரைட் ரைஸோடு படம் பிடித்து, தாங்கள் நலமாக இருப்பதற்குச் சான்றாக லண்டனுக்கு அனுப்புவார்கள். நானும் குச்சியால் சாப்பிடப் பழகினேன். பசியோடு இருப்பவனுக்கு ஏற்ற கருவி அல்ல அது. எனக்கு வாய்ப்பாகப் போயிற்று.

என் அறிக்கைகள் பொலிஸ் நிலையத்தில் பிரபலமாயின. சார்ஜன்ட் மாத்திரமல்ல, ஜீப் ட்ரைவரும் அவற்றைப் பார்த்துத்தான் மத்தியானம் எங்கே நிறுத்துவது என்று தீர்மானித்தார். எங்கள் லொட்ஜில் எல்லோரும் ஏழாம் கேள்விக்கு ‘சாப்பிடுவதற்கு’ என்றே எழுதத் தொடங்கினார்கள். பதிவு மேசையில் ‘உணவு நிமித்தம்’ என்று ஒரு ரப்பர் முத்திரையே செய்து வைத்துவிட்டார்கள். பாணும் சம்பலும் தவிர வேறொன்றும் தெரியாதவர்கள் படியில் உட்கார்ந்து, சாம்பாரில் பெருங்காயம் கூடிவிட்டதா என்று விவாதித்தார்கள். தீர்ப்புக்கு என்னிடம் வந்தார்கள். சொல்வதற்கு வெட்கம்தான், எனக்கு அது பிடித்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு பதில் சொல்லப் பழகிவிட்டேன்.

கடைக்காரர்களும் வந்தார்கள். முதலாவதாக வந்தவர் மஜீட்.

“ஐயா, ஒங்களுக்கு நான் என்ன கெடுதி செஞ்ச?”

“ஏன் மஜீட்? உங்கட புரியாணி வெள்ளவத்தையிலேயே முதலாந்தரம் எண்டெல்லோ எழுதினனான்!”

“அதத்தான் கேக்குற. ஜீப்பு ஒவ்வொரு நாளும் வருது. எட்டுப் பேர் எறங்கித் திண்டுட்டு, ஹொந்தய், நல்லம் எண்டு செல்லிட்டுப் போறாங்க. வேற ஒண்டும் தாறல்ல. ஜீப்பக் கண்டா ஒங்கட ஆக்கள் ஒருத்தரும் உள்ளுக்கு வாறல்ல. ஐயா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். புரியாணி சரியில்ல எண்டு எழுதுங்க!”

அடுத்தடுத்த நாட்களில் தோசைக் கடையும் வந்தது, சைனீஸும் வந்தது. எல்லோரும் தங்கள் சாப்பாட்டைப் பழிக்கும்படி மன்றாடினார்கள். மனமிரங்கி, அந்த மாதம் எல்லாக் கடையையும் சுமார் என்று எழுதினேன்.

சார்ஜன்ட் கண்ணாடியைக் கழற்றினார். “எல்லாம் சுமாரா?”

“ஓம், மஹத்தயா. விலையும் கூடிப் போச்சு, சாமானும் தரமில்லை.”

“அப்ப நீர் கொழும்பில தங்கியிருக்கக் காரணம் முடிஞ்சுது. ஊருக்குப் போகலாம்.”

அவர் பட்டியலைத் திருப்பினார். “அதோட, இங்க பாரும். பன்னிரண்டாந் திகதியிலயிருந்து பதினெட்டு மட்டும் ஒண்டும் எழுதேல்ல. ஏழு நாள் எங்க போயிருந்தீர்?”

அந்த ஏழு நாளும் வயிறு தாங்காமல் கனகேஸ்வரி அக்கா வீட்டுக் கஞ்சியில் உயிரோடு இருந்தேன். சுகமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சாப்பிட வந்தவனுக்கு வயிற்று வருத்தம் என்றால் மொத்தப் பதிவும் பொய்யாகிவிடும். ஏழு நாள் கணக்கில்லாத தமிழனுக்கு என்ன நடக்கும் என்பது வாசலில் நின்ற ட்ரக்கைப் பார்த்தாலே தெரிந்தது.

“ஒரு வீட்டில சாப்பிட்டனான், மஹத்தயா.”

“எந்த வீடு?”

சொன்னேன். ஒழுங்கை, வீட்டு இலக்கம், பெயர், எல்லாம். பழக்கதோஷத்தில் ‘சொதி மிகவும் விசேஷம்’ என்றும் சேர்த்தேன். அவர் முத்திரையை ஓங்கிக் குத்தித் துண்டைத் தந்தார்.

அடுத்த நாளே ஜீப் அங்கே போனது. ஒருவரையும் அடிக்கவில்லை, பிடிக்கவில்லை. இடியப்பம்தான் கேட்டார்கள். ஆனால் ஜீப் இரண்டாந் தரம் வந்தபோது லொட்ஜ் பெடியளில் ஒருவனும் அந்த ஒழுங்கையில் கால் வைக்கவில்லை. மூன்றாம் கிழமை நான் போனபோது அக்கா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

“கொட்டாஞ்சேனைக்குப் போறன். தங்கச்சி வீட்டுக்கு.”

“அக்கா, என்னை வெருட்டினவங்கள்...”

“தெரியும் நாகேந்திரம். உங்களை வெருட்டினா நீங்கள் என்ன செய்யிறது?” அவர் நிமிரவில்லை. “சொதி நல்லம் எண்டும் சொன்னீங்களாம். பொலிசுக்கு அவ்வளவும் தேவைப்பட்டதோ?”

அடுப்பில் ஒரு சிரட்டை கஞ்சி எனக்கென்று மூடியிருந்தது. அதைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். இதையும் எழுதாவிட்டால் என்னைப் பற்றிய அறிக்கை பூர்த்தியாகாது.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு காலை சார்ஜன்ட் ரத்நாயக்க தானாகவே லொட்ஜ் படியேறி வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். நான் பதிவுத் துண்டை எடுத்து நீட்டினேன்.

“பயப்படாதேயும். எனக்கு இடமாற்றம் வந்திட்டுது. யாழ்ப்பாணம்.”

அந்தப் பெரிய உடம்பு கதிரையில் சின்னதாக உட்கார்ந்திருந்தது. மனைவி இரண்டு நாளாக அழுகிறாள் என்றார். பிறகு, பொக்கற்றிலிருந்து கொப்பியை எடுத்தார்.

“அங்க எங்க நல்லாச் சாப்பிடலாம்? நீர் சொன்னால் சரியாயிருக்கும்.”

கடைகளை நினைத்துப் பார்த்தேன். ஒன்று எரிந்துபோனது. மற்றதன் முதலாளி இந்தியாவில். மூன்றாவது இருந்த தெருவே இல்லை. அதோடு, ஐம்பத்தாறு வயது மட்டும் நான் ஊரில் கடையில் சாப்பிட்டது மிகக் குறைவு.

“எனக்குத் தெரிஞ்சு அங்க நல்ல சாப்பாடு என்ர வீட்டிலதான், மஹத்தயா.”

“விலாசம்?”

சொன்னேன். வசாவிளானில் இரண்டாம் ஒழுங்கை, கிணற்றடியில் எலுமிச்சை மரம். எழுதிக்கொண்டு வந்தவர் இடையில் நிறுத்தினார்.

“அது ஆமி முகாமுக்குள்ள எல்லோ வருது?”

“ஓம். தொண்ணூறாம் ஆண்டிலயிருந்து. நான் போகேலாது. நீங்கள் போகலாம்.”

அவர் விலாசத்தை முழுதாக எழுதி முடித்தார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதுவரை எந்தப் பொலிஸ்காரரும் அதைச் செய்ததில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு தபாலட்டை வந்தது. தூதரகத்துக் கடிதம் என்று ஓடிப்போய் வாங்கினேன். சிங்களத்தில், வட்ட வட்டமான எழுத்தில், இவ்வளவுதான் இருந்தது:

‘நீர் சொன்ன வீட்டில் சாப்பிட்டேன். இப்போது அது ஆமி மெஸ். சோறு வேகவில்லை. குசினி முழுக்கப் புகை. உமது சிபாரிசு இம்முறை சரியில்லை. ரத்நாயக்க.’

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு வருடமாக அந்த வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை; அதற்கு வராத கோபம். என் பெண்சாதியின் குசினியில் சோறு வேகவில்லையாம்! அன்று மத்தியானமே பதில் எழுதிப் போட்டேன்:

‘மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களுக்கு அறியத்தருவது: வடக்குப் பக்க யன்னலைத் திறந்து வைத்தால் புகை பிடியாது. இடது பக்க அடுப்பில் உலை வைக்கவும். அந்தக் கிணற்றுத் தண்ணீருக்கு அரிசி இன்னும் ஒரு கொதி வேண்டும். இவற்றைக் கவனித்தால் சாப்பாடு திருப்தியாக அமையும்.’